யூகி சுனோடாவுக்கு நேரம் ஏன் கூடிவரவில்லை?

2025 டிசம்பர் 2 அன்று ரெட் புல் ஃபார்முலா 1 கார்ப்பந்தய அணி அடுத்த ஆண்டுக்கான ஓட்டுநர் பட்டியலை வெளியிட்டது. நான்கு முறை உலகச் சாம்பியனான மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குத் துணையாக பிரான்ஸின் ஈசாக் ஹஜார். இளைய அணியான ரேசிங் புல்ஸில் நியூசிலாந்தின் லியாம் லாசனும், 18 வயதே ஆன அர்விட் லிண்ட்பிளாடும். யூகி சுனோடாவின் பெயரும் இருந்தது, ஆனால் சோதனை ஓட்டுநர், ரிசர்வ் ஓட்டுநர் என்ற வரியில். ஐந்து சீசன்களில் நூறுக்கு மேற்பட்ட ஃபார்முலா 1 பந்தயங்கள் ஓடிய 25 வயது ஜப்பானியருக்கு 2026-இல் ஓட்டுவதற்கு ஒரு கார் இல்லை.

இதற்கு உடனே இரண்டு விளக்கங்கள் வந்தன. அணிக்கு எஞ்சின் கொடுத்துவந்த ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்தின் தயவில் உள்ளே வந்தார், ஹோண்டா ரெட் புல்லை விட்டுப் போனதும் வெளியே போய்விட்டார் என்பது ஒன்று. வெர்ஸ்டாப்பனுக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைத்தாலும் கதை இப்படித்தான் முடியும் என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சுனோடாவின் பத்து வருடங்களை வரிசையாகப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. பொறுமையாக வளர்த்திருக்க வேண்டிய வயதில் அவரை ஓட ஓட விரட்டினார்கள். ஏற்றிவிட்டிருக்க வேண்டிய வயதில் காக்க வைத்தார்கள். கடைசியில் ஏற்றியபோது, அந்த ஆண்டிலேயே மிக மோசமான ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சுனோடா பிறந்தது 2000 மே 11. ஊர் சாகமிஹாரா, டோக்கியோவுக்குத் தெற்கே கனகாவா மாகாணத்தில் இருக்கிறது. அப்பாவுக்குக் கார்களில் ஆர்வம் அதிகம். கூம்புகளை நட்டு வைத்து, அவற்றுக்கு இடையே காரை வளைத்து நெளித்து ஓட்டும் ஜிம்கானா என்ற போட்டியில் ஓடியவர். மகன் கார்ட் என்ற சிறு பந்தய வண்டி ஓட்ட ஆரம்பித்ததும் அவரே மெக்கானிக் ஆனார். இதுவரை உலகத்தில் எந்த ஃபார்முலா ஓட்டுநரின் கதையோடும் ஒத்துப்போகும். வித்தியாசம் தொடங்குவது சுசுகாவில்.

சுசுகா பந்தயத் தடம் ஹோண்டாவுடையது. அங்கே ஹோண்டா நடத்தும் ஓட்டுநர் பள்ளிதான் ஜப்பானிய இளைஞர்கள் ஐரோப்பாவுக்குப் போகும் முக்கிய வாசல். தகுமா சாட்டோவும் அங்கே படித்தவர்தான். பள்ளியின் இறுதித் தேர்வில் முன்னணி இடம் பிடித்தால் அடுத்த ஆண்டு, ஃபார்முலா 1-க்கு ஏறும் ஏணியின் கீழ்ப்படியான ஃபார்முலா 4 ஓட்டுவதற்கான செலவை ஹோண்டா ஏற்கும். சுனோடா அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. இன்னொரு பள்ளியாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அப்போது பள்ளியின் முதல்வராக இருந்த சடோரு நகாஜிமா, இந்தப் பையனை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தார். அவர் சொன்ன வார்த்தைக்கு ஹோண்டாவில் மதிப்பு இருந்தது. சுனோடாவுக்கு வாய்ப்பு கிடைத்தது.

நகாஜிமா யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபார்முலா 1-இல் முழு சீசன் ஓடிய முதல் ஜப்பானியர் அவர். 1987-இல் ஹோண்டா எஞ்சின் பொருத்திய லோட்டஸ் காரில், அயர்டன் சென்னாவின் அணித் தோழராக வந்தார். அப்போது அவருக்கு வயது 34. பிற்காலத்தில் அவர் நடத்திய நகாஜிமா ரேசிங் அணியில்தான் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவிலும் சூப்பர் ஜிடியிலும் ஓடினார். நகாஜிமாவுக்கு 34 வயதில் திறந்த கதவு, அவர் கைதூக்கிவிட்ட பையனுக்கு 20 வயதில் திறந்தது. இந்த வேகம் எப்படி வந்தது என்பதைக் கவனித்தால் பின்னால் நடந்தவை புரியும்.

2017-இல் ஜப்பான் ஃபார்முலா 4-இல் மூன்றாம் இடம். 2018-இல் ஏழு வெற்றிகளோடு சாம்பியன். அந்த ஆண்டு ஹோண்டா, அப்போது டோரோ ரோஸோ என்ற பெயரில் இருந்த இளைய அணிக்கு எஞ்சின் கொடுத்து ரெட் புல் குடும்பத்துக்குள் நுழைந்திருந்தது. 2019-இல் பெரிய அணியான ரெட் புல்லுக்கும் கொடுக்கப்போகிறது. எஞ்சின் ஒப்பந்தத்தோடு ஓட்டுநர்களை வளர்க்கும் ஏற்பாடும் கூடவே வந்தது. ஹங்கேரோரிங் தடத்தில் நடந்த ஒரு ஃபார்முலா 3 சோதனையில் சுனோடாவை ஓட்ட வைத்துப் பார்த்தார்கள். ரெட் புல்லின் இளம் ஓட்டுநர் திட்டத்தை இரும்புக் கையோடு நடத்திவந்த ஹெல்முட் மார்கோவுக்குப் பிடித்துவிட்டது. ஆங்கிலம் சரளமாக வராத 18 வயதுப் பையன் ஐரோப்பாவுக்கு வண்டி ஏறினான்.

2019 ஃபார்முலா 3-இல் அவருக்குக் கிடைத்தது ஜென்சர் என்ற சிறிய சுவிஸ் அணி. அது பிரேமா அணி முதல் மூன்று இடங்களையும் வாரிக்கொண்ட வருடம். சுனோடா ஒன்பதாவதாக முடித்தார். ஆனால் சீசன் முடியப் போகும் நேரத்தில் ஸ்பாவில் இரண்டாம் இடம், மோன்சாவில் ஒரு மூன்றாம் இடம், ஒரு வெற்றி என்று தொடர்ந்து மேடை ஏறினார். தெரியாத தடங்களை ஓட்ட ஓட்டப் பிடித்துக்கொள்கிறார் என்பதற்கு அது அடையாளம். அந்த மூன்று பிரேமா ஓட்டுநர்களில் மூன்றாமவர் மும்பையின் ஜெஹான் தருவாலா. 2020-இல் இருவரும் ஃபார்முலா 2-க்குப் போனார்கள். ஒரே அணி, கார்லின். இருவருமே ரெட் புல் வளர்ப்புத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

அந்த வருடம் சுனோடாவின் தலையெழுத்தை மாற்றியது. ஃபார்முலா 1 ஓட்ட வேண்டுமானால் சூப்பர் லைசன்ஸ் என்ற உரிமம் வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். கீழ்நிலைப் பந்தயங்களில் மூன்று சீசன்களுக்குள் 40 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஃபார்முலா 1 காரில் குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டியிருக்க வேண்டும். ஃபார்முலா 2-இல் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் அந்த 40 புள்ளி ஒரே ஆண்டில் கிடைத்துவிடும். கொரோனாவால் பந்தயங்கள் ஜூலையில் தொடங்கி, டிசம்பருக்குள் நெருக்கி அடித்து நடத்தப்பட்டன. சுனோடா மூன்று வெற்றிகள் பெற்றார். பஹ்ரைனில் நடந்த கடைசி வாரத்தில் முதல் பந்தயத்தை வென்று, அடுத்த நாள் இரண்டாவதாக வந்தார். அந்த இரண்டாவது பந்தயத்தை வென்றவர் தருவாலா. ஆண்டு முடிவில் மிக் ஷூமாக்கர் 215 புள்ளி, கேலம் ஐலட் 201, சுனோடா 200. தருவாலா பன்னிரண்டாவது இடம். முந்தைய ஆண்டு தன்னைவிட ஆறு இடம் மேலே முடித்தவரை, அதே அணியில் ஓடி இப்படித் தாண்டியது ஹோண்டாவின் சிபாரிசால் நடக்கக்கூடியது அல்ல.

ஹோண்டா தயவு என்ற வாதத்தை இன்னொரு தேதியும் பலவீனப்படுத்துகிறது. 2021 முடிவோடு ஃபார்முலா 1-ஐ விட்டு விலகுவதாக ஹோண்டா அறிவித்தது 2020 அக்டோபரில். சுனோடாவை 2021-க்கு ஆல்ஃபாடவ்ரியில் (இளைய அணிக்கு அப்போது அதுதான் பெயர்) எடுத்ததாக அறிவிப்பு வந்தது டிசம்பரில். ஹோண்டா எஞ்சின்கள் 2025 வரை ரெட் புல்லில் தொடர்ந்தது பிறகு நடந்த கதை. போகப் போகிறேன் என்று சொல்லிவிட்ட நிறுவனத்தை மகிழ்விக்க யாரும் ஓட்டுநரை எடுக்க மாட்டார்கள். ஹோண்டா பள்ளிக்கூடத்தைக் கொடுத்தது, பணத்தைக் கொடுத்தது, ரெட் புல்லின் கண்ணில் படும் இடத்தைக் கொடுத்தது. இவையெல்லாம் பெரிய உதவிகள்தான். அந்த 200 புள்ளிகள் மட்டும் அவருடையவை.

ஆனால் விலை ஒன்று இருந்தது. ஃபார்முலா 4 பட்டத்துக்கும் ஃபார்முலா 1 அறிமுகத்துக்கும் நடுவே இரண்டே சீசன். அதில் ஒன்று கொரோனா சீசன். 300 கிலோமீட்டர் கணக்கை 2020 நவம்பரில் இமோலாவில் ஒரு பழைய 2018 காரில் ஓட்டி முடித்தார்கள். 2021 சீசனுக்கு முந்தைய சோதனை மொத்தமே மூன்று நாள், ஓர் ஓட்டுநருக்கு ஒன்றரை நாள்.

முதல் பந்தயத்தில் இதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பஹ்ரைனில் ஃபெர்னாண்டோ அலோன்சோவைத் தாண்டினார், ஒன்பதாவது இடம் பிடித்தார் (முதல் பத்து இடங்களுக்குப் புள்ளி உண்டு). அறிமுகப் பந்தயத்திலேயே புள்ளி எடுத்த முதல் ஜப்பானியர். அடுத்தது இமோலா, பந்தயத்தில் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்று. வேகமாக எதையாவது காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பில் மேட்டு வளைவில் காரைச் சுவரில் மோதினார். மொனாக்கோவில் பயிற்சியில் மோதினார். பிரான்ஸில் தகுதிச் சுற்றில் மோதினார். ஒவ்வொரு மோதலும் அவர் ஓட்டியிருக்க வேண்டிய நேரத்தைத் தின்றது. ரேடியோவில் பொறியாளரிடம் கத்துவது தொலைக்காட்சிக்குத் தீனியாகி, கோபக்காரச் சின்னப் பையன் என்ற பிம்பம் ஒட்டிக்கொண்டது. அது விலக வருடங்கள் ஆயின. முழுசாக விலகியதா என்பதே சந்தேகம்.

ஆல்ஃபாடவ்ரியின் தலைவர் ஃபிரான்ஸ் டோஸ்ட் பழைய பள்ளி ஆசிரியர் மாதிரிதான் நடந்துகொண்டார். ஃபார்முலா 1-ஐப் புரிந்துகொள்ள ஒருவருக்கு மூன்று ஆண்டு ஆகும் என்பது அவர் எப்போதும் சொல்லும் கணக்கு. இங்கிலாந்தில் தனியாக இருந்த சுனோடாவை அணியின் தொழிற்சாலை இருக்கும் இத்தாலிய ஊரான ஃபயென்சாவுக்குக் குடிமாறச் சொன்னார். உடற்பயிற்சி, பொறியாளர்களோடு உட்கார்ந்து பேசுவது எல்லாவற்றுக்கும் நேர அட்டவணை வந்தது. ரெட் புல்லின் ரிசர்வ் ஓட்டுநராக இருந்த அலெக்ஸ் ஆல்பனையும் வழிகாட்ட அனுப்பினார்கள். ஆண்டின் கடைசிப் பந்தயமான அபுதாபியில் சுனோடா நான்காவதாக வந்தார். அது இன்றுவரை அவருடைய சிறந்த இடம். ஆனால் மொத்தக் கணக்கில் அவருக்கு 32 புள்ளி, அணித் தோழர் பியர் காஸ்லிக்கு 110.

2022-இல் காரே மந்தம். 12 புள்ளி. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

டோஸ்ட் சொன்ன மூன்று ஆண்டுக் கணக்கு 2023-இல் பலித்தது என்றே நினைக்கிறேன். சீசனின் முதல் பாதியில் ஆல்ஃபாடவ்ரி கார் பின்வரிசையில் கிடந்தது. அதில் அணித் தோழர் நிக் டி ஃப்ரீஸ் தடுமாறிப் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். சுனோடா பத்தாம் இடம், பதினொன்றாம் இடம் என்று அந்தக் காரிலிருந்து பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தார். அபுதாபியில் சில சுற்றுகள் முன்னணியிலும் ஓடினார். 2004-இல் சாட்டோவுக்குப் பிறகு ஒரு ஜப்பானியர் ஃபார்முலா 1 பந்தயத்தில் முன்னிலை வகித்தது அப்போதுதான். 2024-இல் இன்னும் தெளிவு. எட்டுப் பந்தயங்களை வென்ற டேனியல் ரிக்கார்டோ பக்கத்தில் இருந்தார். ரெட் புல்லின் பெரிய அணிக்குத் திரும்புவதற்கான முன்னோட்டமாகத்தான் அவரை அங்கே வைத்திருந்தார்கள். சிங்கப்பூர் பந்தயத்துக்குப் பிறகு அவர் விலக்கப்பட்டபோது ரிக்கார்டோவிடம் 12 புள்ளி, சுனோடாவிடம் 22. சுசுகாவில் பத்தாவதாக வந்து சொந்த மண்ணில் புள்ளி எடுத்தார். 2012-இல் கமுய் கொபயாஷிக்குப் பிறகு அதைச் செய்தவர் யாருமில்லை. மழை கொட்டிய பிரேசிலில் தகுதிச் சுற்றில் மூன்றாவது.

ஒரு ஓட்டுநர் தயாராகிவிட்டார் என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த 2024 இறுதியில்தான் செர்ஜியோ பெரெஸை அனுப்பிவிட்டு, ரெட் புல் இரண்டாவது இருக்கைக்கு ஆள் தேடியது. எடுத்தது லாசனை. அவர் அதுவரை ஓடியிருந்தது பதினொரு ஃபார்முலா 1 பந்தயங்கள். சுனோடா நான்கு முழு சீசன்கள் ஓடியிருந்தார். லாசனிடம் இன்னும் வளரும் இடம் அதிகம், நெருக்கடியைத் தாங்கும் மனம் இருக்கிறது என்பதே அணி சொன்ன காரணம். 2021-இன் ரேடியோ கத்தல் இன்னும் அவர்கள் காதில் ஒலித்துக்கொண்டிருந்ததாகவே எனக்குப் படுகிறது. இந்தத் தொழிலில் ஒருவரைப் பற்றி முதலில் எழும் எண்ணம் பிறகு வரும் புள்ளிகளைவிட நீண்ட ஆயுள் கொண்டது.

இரண்டே பந்தயங்களில் லாசனை இறக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் தகுதிச் சுற்றில் 18-ஆவது, சீனாவில் கடைசி. மார்ச் கடைசி வாரத்தில் அறிவிப்பு வந்தது: சுனோடா ரெட் புல்லுக்கு. முதல் பந்தயம் எங்கே? சுசுகாவில். ஹோண்டாவின் தடம், ஹோண்டாவோடு ரெட் புல்லுக்குக் கடைசி ஆண்டு, 1965-இல் ஹோண்டாவுக்கு முதல் வெற்றி தந்த காரின் நினைவாக வெள்ளை வண்ணம் பூசிய வண்டி. படம் எடுக்க அழகான தருணம்தான். ஓட்டுவதற்கு?

இங்கே அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெர்ஸ்டாப்பனுக்குக் காரின் முன்பக்கம் தடத்தைக் கெட்டியாகக் கவ்வ வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு உள்ளே திரும்ப வேண்டும். அதனால் பின்பக்கம் நழுவினால் அவர் சமாளித்துக்கொள்வார். அப்படிச் சமாளிக்கும் வேகம் வேறு யாருக்கும் இல்லை. வருடக்கணக்காக, எந்த மாற்றம் வேகத்தைக் கூட்டுகிறதோ அந்தத் திசையில் காரை வளர்த்தார்கள். வேகத்தைக் காட்டியது பெரும்பாலும் அவர்தான். ஆகவே கார் அவர் அளவுக்குத் தைத்த சட்டையாகிவிட்டது. காஸ்லி, ஆல்பன், பெரெஸ், லாசன் என்று அதைப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லோருமே நல்ல ஓட்டுநர்கள். அங்கிருந்து விரட்டப்பட்ட காஸ்லி பிறகு இளைய அணியோடு மோன்சாவில் பந்தயமே வென்றார். ரேசிங் புல்ஸ் காரோ நேர்மாறு. உச்ச வேகம் குறைவு, ஆனால் வளைவில் என்ன செய்யும் என்று ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரியும். சுனோடா அந்த வகைக் காரில் நான்கு ஆண்டு பழகியவர்.

அந்தக் காரைக் கற்க ஒரு குளிர்காலமும் ஒரு சீசன் முந்தைய சோதனையும் தேவை. சுனோடாவுக்குக் கிடைத்தது சில நாள் சிமுலேட்டர். அப்படியும் சுசுகாவில் முதல் பயிற்சியில் வெர்ஸ்டாப்பனுக்குப் பத்தில் ஒரு வினாடிதான் பின்னால் இருந்தார். ஆனால் தகுதிச் சுற்று வந்தபோது இடைவெளி விரிந்தது. டயரைச் சூடாக்குவதில் ஒரு சிறு பிசகு, பதினைந்தாவது இடம். பந்தயத்தில் பன்னிரண்டாவது. வெர்ஸ்டாப்பன் வென்றார்.

அடுத்து பஹ்ரைனில் ஒன்பது, மயாமியில் பத்து என்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தார். அப்புறம் மறுபடியும் இமோலா. தகுதிச் சுற்றின் தொடக்கத்திலேயே, காரை முழுசாகப் புரிந்துகொள்ளாமல் எல்லையைத் தொடப் போனார். கார் சுவரில் மோதி, தலைகீழாகப் புரண்டு விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எல்லோருக்கும் பின்னால், பிட் லேனிலிருந்து கிளம்பிப் பத்தாவதாகவும் வந்தார். ஆனால் அணியிடம் இருந்த புதிய பாகங்களில் அவர் பங்கு நொறுங்கிப்போனது. அதன் பிறகு பல பந்தயங்களுக்கு அவர் ஓட்டியது வெர்ஸ்டாப்பனின் காரைவிடப் பழைய தரையமைப்பு (காரின் அடிப்பாகம்) கொண்ட கார். 2025-இல் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் இருபது கார்களும் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் அடங்கின. பத்தில் ஒன்றிரண்டு வினாடி விட்டுக்கொடுத்தாலே ஆறேழு இடம் போய்விடும். ஹங்கேரியில் அந்தக் கட்டத்தில் வெர்ஸ்டாப்பனுக்கும் அவருக்கும் இடைவெளி 0.16 வினாடி சொச்சம். வெர்ஸ்டாப்பன் அடுத்த கட்டத்துக்குப் போனார், சுனோடா 16-ஆவதாக வெளியேறினார். மொனாக்கோவிலிருந்து ஹங்கேரி வரை ஏழு பந்தயங்களில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஜூலையில் ரெட் புல் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர் நீக்கப்பட்டு, இளைய அணியில் சுனோடாவின் தலைவராக இருந்த லோரான் மெக்கீஸ் ரெட் புல்லுக்கு வந்தார். ஸ்பாவில் புதிய தரையமைப்பை அவருக்கும் கொடுத்தார்கள். தகுதிச் சுற்றில் ஏழாவது. டயர் மாற்றத் தாமதமாகக் கூப்பிட்டதில் அந்த இடம் வீணானது, அணியே அதை ஒப்புக்கொண்டது. பிறகு பாகுவில் ஆறாவது, ஆஸ்டினில் ஏழாவது. கத்தாரில் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்துக்கான தகுதிச் சுற்றில் வெர்ஸ்டாப்பனுக்கு முன்னால் ஐந்தாவது. முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் கூடவே கசப்பும் இருந்தது. பாகுவில் அவருக்கு ஒரு படி மேலே, ஐந்தாவதாக முடித்தவர் ரேசிங் புல்ஸில் ஓடிய லாசன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு எண்களை மறைக்கக் கூடாது. 2025-இல் வெர்ஸ்டாப்பன் 421 புள்ளி. சுனோடா 33, அதில் மூன்று ரேசிங் புல்ஸில் எடுத்தவை. லாண்டோ நோரிஸ் இரண்டே புள்ளிகளில் பட்டம் வென்ற ஆண்டு அது. போட்டியாளர்களிடமிருந்து புள்ளிகளைப் பறிக்கும் அளவுக்கு வேகமான இரண்டாவது கார் இருந்திருந்தால் பட்டம் ரெட் புல்லுக்கே வந்திருக்கலாம். கடைசிப் பந்தயத்தில் அபுதாபியில் சுனோடாவுக்குக் கொடுக்கப்பட்ட வேலையே நோரிஸைத் தடுப்பதுதான். தடுக்க முயன்று, காரை இங்கும் அங்கும் நகர்த்தியதற்கு ஐந்து வினாடி தண்டனை வாங்கினார். நோரிஸ் தாண்டிப் போனார். அணியின் முடிவில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஹஜார் தன் முதல் ஆண்டிலேயே ஸான்ட்வோர்ட்டில் மேடை ஏறினார். சுனோடா ஐந்தாண்டில் ஒரு முறைகூட ஏறவில்லை.

ஜப்பானியர்களில் ஃபார்முலா 1 மேடை ஏறியவர்கள் மூவர். 1990-இல் சுசுகாவில் அகுரி சுசுகி, 2004-இல் இண்டியானாபோலிஸில் தகுமா சாட்டோ, 2012-இல் சுசுகாவில் கமுய் கொபயாஷி. மூன்றுமே மூன்றாம் இடம். பந்தயம் வென்றவர் ஒருவரும் இல்லை. ஹோண்டா எஞ்சின்கள் ஓட்டுநர்களையும் அணிகளையும் திரும்பத் திரும்பச் சாம்பியன் ஆக்கியிருக்கின்றன, ஜப்பானிய ஓட்டுநர் ஒருவரை அல்ல. வெல்லக்கூடிய காரில் ஒரு ஜப்பானியர் உட்காருவது அபூர்வம். சுனோடா அப்படி உட்கார்ந்தார், முதல் இரண்டு பந்தயங்கள் முடிந்த பிறகு. லாசனுக்குப் பதில் 2024 டிசம்பரிலேயே அவரை எடுத்திருந்தால் வெர்ஸ்டாப்பனை எட்டியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஏழு பந்தயம் வெறுங்கையோடு போயிருக்காது என்று நம்புகிறேன்.

ஹோண்டாவின் பங்கு இப்போதுதான் உண்மையாகவே உறைக்கிறது. 2026 முதல் ஹோண்டா எஞ்சின் ஆஸ்டன் மார்ட்டினுக்குப் போகிறது. ரெட் புல், ஃபோர்டின் துணையோடு சொந்த எஞ்சினுக்கு மாறுகிறது. ஆஸ்டன் மார்ட்டினில் அலோன்சோவும் அணி உரிமையாளரின் மகன் லான்ஸ் ஸ்ட்ரோலும் இருக்கிறார்கள், காலி இடம் இல்லை. சுசுகா பள்ளியில் வளர்ந்து, ஹோண்டாவின் பணத்தில் ஐரோப்பா போன சுனோடா, ஹோண்டா இல்லாத ரெட் புல்லில் ரிசர்வ் ஓட்டுநராகக் காத்திருக்கிறார். கீழே இன்னொரு ஜப்பானியரான அயுமு இவாசா 2025-இல் சூப்பர் ஃபார்முலா பட்டம் வென்று நிற்கிறார். அவரும் சுசுகா பள்ளிதான், அவரும் ரெட் புல்லோடு இணைந்தவர்தான். 2026 சீசனின் 22 கார்களில் எதிலும் ஜப்பானிய ஓட்டுநர் கிடையாது. கடைசியாக அப்படி ஒரு சீசன் நடந்தது 2020-இல்.